நல்லவராக ஆவதற்கும் பாடத்திட்டம் உண்டா? நியோ கன்பூசியர்களின் அறக்கல்வி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனத்துச் சிந்தனை என்றாலே கன்பூசியஸ், லாவோட்சு என்று இரண்டு பெயரோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் சீனா, கொரியா, ஜப்பான், வியட்நாம் ஆகிய நாடுகளின் பள்ளிக்கூடங்களைப் பல நூற்றாண்டுகள் ஆண்டது கன்பூசியஸுக்கு 1,500 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த ஒரு கூட்டம். ஒரு பிள்ளையை எப்படி நல்ல மனிதனாக வளர்ப்பது என்பதில் அவர்கள் தங்களுக்குள்ளேயே கடுமையாகச் சண்டை போட்டவர்கள். அந்தச் சண்டையைப் பற்றித்தான் இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவை.

நியோ கன்பூசியர்கள் என்றால் யார்?

சீனாவில் சோங் அரச மரபு ஆண்ட 11, 12ஆம் நூற்றாண்டுகளில் தொடங்கிய இயக்கம் இது. ஜோ துன்யி (1017–1073), ஜாங் ஜாய் (1020–1077), செங் ஹாவ் (1032–1085), அவர் தம்பி செங் யி (1033–1107) ஆகியோர் முன்னோடிகள். இவர்கள் சொன்னதையெல்லாம் ஒரே கட்டிடமாகக் கட்டி எழுப்பியவர் ஜூ ஷி (1130–1200). அவருக்கு மறுதரப்பு அவருடைய சமகாலத்தவரான லூ ஜியூயுவான் (1139–1193). லூவின் பக்கத்தை முந்நூறு ஆண்டுகள் கழித்து வளர்த்தெடுத்தவர் மிங் காலத்து வாங் யாங்மிங் (1472–1529). ஜூ, லூ, வாங் என்ற மூன்று பெயரை நினைவில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் புரியும்.

பௌத்தமும் தாவோயிசமும் சீன அறிவாளிகளைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. மனம் என்ன, அதை எப்படிப் பண்படுத்துவது என்பதற்கு அவற்றிடம் விரிவான பதில்கள் இருந்தன. கன்பூசிய மரபிலோ சடங்கும் செய்யுளும் தேர்வுக்கான மனப்பாடமும்தான் மிஞ்சியிருந்தன. வீட்டையும் நாட்டையும் துறக்காமலே ஞானியாகலாம், அதற்கு வழி பழைய நூல்களிலேயே இருக்கிறது என்று காட்ட வேண்டிய நெருக்கடி இவர்களுக்கு. அதனால்தான் இவர்களுடைய தத்துவம் எங்கே தொடங்கினாலும் கல்வியில் வந்து முடிகிறது.

மனிதன் பிறப்பிலேயே நல்லவன் என்கிறார்கள். அப்புறம் கல்வி எதற்கு?

நியாயமான கேள்வி. ஜூ ஷியின் மாணவர்களும் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

மனித இயல்பு நல்லது என்பது, கன்பூசியஸுக்குப் பின் வந்த பழைய கன்பூசிய அறிஞர் மென்சியஸ் காலத்துக் கருத்து. கிணற்றில் விழப்போகும் குழந்தையைப் பார்த்தால் யாருக்கும் நெஞ்சு பதறும், அந்தப் பதற்றம் யாரும் கற்பித்து வந்ததில்லை என்பது அவர் காட்டிய சான்று. நியோ கன்பூசியர்கள் அதை ஏற்றுக்கொண்டு, அப்படியானால் கெட்டவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்ற கேள்விக்கு ஒரு விளக்கம் சேர்த்தார்கள். எல்லாவற்றிலும் ‘லி’ என்ற ஒழுங்குநெறி இருக்கிறது. எல்லாமே ‘ச்சி’ என்ற உயிராற்றல் திரண்டு உருவானவை. லி எல்லோரிடமும் ஒன்றுதான். ச்சி சிலரிடம் தெளிவாகவும் சிலரிடம் கலங்கியும் இருக்கிறது. ஜூ ஷி தெளிந்த நீரில் கிடக்கும் முத்தையும் சேற்று நீரில் கிடக்கும் முத்தையும் உதாரணம் காட்டினார். முத்தில் வேறுபாடு இல்லை, கண்ணுக்குத் தெரிவதில்தான் வேறுபாடு.

ஆகவே கல்வி என்பது வெளியிலிருந்து ஒழுக்கத்தைக் கொண்டுவந்து உள்ளே வைப்பதல்ல, கலங்கிக் கிடப்பதைத் தெளியவைப்பது. பிறவிக் குணத்தையே மாற்றலாம் என்று ஜாங் ஜாய் அடித்துச் சொன்னார். இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. எல்லோரும் சமம் என்று தொடங்கிவிட்டு, சிலர் கலங்கலாகவே பிறக்கிறார்கள் என்று முடிவது மேலிருப்பவர்களுக்கு வசதியான கொள்கை. ‘அவன் ச்சி அப்படி’ என்று கைகழுவிவிடலாம். ஜூ ஷி அப்படிச் சொல்லவில்லை, ஆனால் அப்படிச் சொல்லக்கூடியவர்களுக்கு வழி விட்டுவைத்தார் என்பதே என் எண்ணம்.

குழந்தைக்கு முதலில் எதைக் கற்பிக்க வேண்டும் என்றார்கள்?

தத்துவத்தை அல்ல, தரையைப் பெருக்குவதை.

பழங்காலத்தில் எட்டு வயதில் சிறுகல்வி, பதினைந்து வயதில் பெருங்கல்வி என்று இரண்டு கட்டம் இருந்தது என்கிறார் ஜூ ஷி. சிறுகல்வியில் தண்ணீர் தெளித்துப் பெருக்குவது, கூப்பிட்டால் எப்படிப் பதில் சொல்வது, பெரியவர்கள் முன் எப்படி வருவது போவது என்பவை முதலில். பிறகு சடங்கு, இசை, வில்வித்தை, தேரோட்டம், எழுத்து, கணக்கு. இந்தக் கட்டத்துக்கென்றே 1187இல் ‘சிறுகல்வி’ என்ற தொகுப்பு நூல் அவர் மேற்பார்வையில் உருவானது.

அவர் பெயரில் வழங்கும் இன்னொரு சிறு கையேடு, சிறுவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை பற்றியது. அதைப் படித்தால் பெரிய தத்துவ ஞானி எழுதியது என்றே தோன்றாது. முகம் கழுவும்போது கழுத்துப்பட்டி நனையாமல் துண்டால் மறைத்துக்கொள், சட்டைக் கைகள் இரண்டையும் சுருட்டிவிட்டுக்கொள் என்று இருக்கும். தலை, இடுப்பு, கால் மூன்றிலும் கட்டு இறுக்கமாக இருக்க வேண்டும் என்று இருக்கும். படிக்கும்போது மனம், கண், வாய் மூன்றும் அங்கே வந்து சேர்ந்திருக்க வேண்டும், மூன்றில் மனம்தான் முக்கியம் என்று இருக்கும்.

இதெல்லாம் வெறும் கட்டுப்பாடு என்று தோன்றலாம். கையும் காலும் முதலில் பழக வேண்டும், காரணம் பிறகு புரிந்தால் போதும் என்பதே இதன் அடிப்படை. பதினைந்து வயதில் ‘ஏன்’ என்று கேட்கும்போது, அதற்குள் அவன் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதைப் பற்றித்தான் கேட்பான். ஏற்கெனவே செய்யாத ஒன்றைப் பற்றி வாதம் மட்டும் கற்றுக்கொண்டவன் பேச்சாளனாக மட்டுமே ஆவான் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது.

‘பொருள்களை ஆராய்தல்’ என்று அடிக்கடி வருகிறதே, அது அறிவியலா?

இல்லை. ஆனால் அறிவியலுக்கு எதிரானதும் இல்லை.

‘பெருங்கல்வி’ என்ற சிறு நூலில் எட்டுப் படிகள் உண்டு. பொருள்களை ஆராய்தல், அறிவை நிறைத்தல், எண்ணத்தை உண்மையாக்குதல், மனத்தை நேராக்குதல், தன்னைப் பண்படுத்துதல், குடும்பத்தை ஒழுங்கு செய்தல், நாட்டை ஆளுதல், உலகில் அமைதி காணுதல். முதல் படியை ஜூ ஷி மிக விரிவாக எடுத்துக்கொண்டார். ஒரு நாள் ஒன்றை ஆராய், மறுநாள் இன்னொன்றை ஆராய். நெடுங்காலம் உழைத்தபின் ஒருநாள் எல்லாம் சட்டென்று இணைந்து விளங்கும் என்றார். ஆராயும் பொருள்களில் புல்லும் மரமும் சேர்த்திதான். என்றாலும் பெரும்பகுதி நூல்கள், வரலாற்று மனிதர்களின் முடிவுகள், அன்றாடம் கையில் வந்து விழும் காரியங்கள். ஒரு மகன் தன் தந்தையிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதும் ஆராய வேண்டிய ‘பொருள்’தான்.

ஜூ ஷி எப்படிப் படிக்கச் சொன்னார்?

குறைவாகப் படி, பழுக்கப் படி. அவருடைய மாணவர்கள் குறித்துவைத்த உரையாடல்கள் 140 அத்தியாயங்களாகத் தொகுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் இரண்டு அத்தியாயங்கள் முழுக்கப் படிக்கும் முறை பற்றியவை. சத்தமாக வாசி, மனப்பாடம் ஆகும் வரை வாசி, உன் கருத்தை நூலின் மேல் ஏற்றாதே, மனத்தைக் காலியாக வைத்துக்கொண்டு நூல் என்ன சொல்கிறது என்று கேள், பிறகு உன் வாழ்க்கையில் வைத்துப் பார்.

அவர் அங்கலாய்த்த ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். இப்போது அச்சுப் புத்தகங்கள் மலிந்துவிட்டன, அதனால்தான் எல்லோரும் மேம்போக்காகப் படிக்கிறார்கள் என்கிறார். சொன்னது 12ஆம் நூற்றாண்டில்! கையால் எழுதிப் படித்தவர்கள் ஊன்றிப் படித்தார்களாம். கைபேசியைப் பற்றி இன்று பெற்றோர் சொல்வதை அன்றைக்கே அச்சைப் பற்றிச் சொல்லியாகிவிட்டது.

என்ன வரிசையில் படிப்பது என்பதிலும் அவர் கறார். முதலில் ‘பெருங்கல்வி’, சட்டகம் கிடைக்கும். பிறகு கன்பூசியஸின் உரைக்கோவை, அடித்தளம் போடும். அதன்பின் ‘மென்சியஸ்’. கடைசியில் ‘நடுநிலை’. இவைதான் ‘நான்கு நூல்கள்’. இவற்றை ஒன்றாக்கி உரை எழுதுவதிலேயே அவர் ஆயுளின் பெரும்பகுதி போயிற்று. சாவதற்குச் சில நாட்கள் முன்புகூட ‘பெருங்கல்வி’யில் எண்ணத்தை உண்மையாக்கும் பகுதிக்கான உரையைத் திருத்திக்கொண்டிருந்தார் என்பார்கள்.

வெண்மான் குகைப் பள்ளி ஏன் இவ்வளவு புகழ்பெற்றது?

ஜியாங்ஷி மாகாணத்தில் லூஷான் மலையடிவாரத்தில் இருக்கிறது. தாங் காலத்தில் ஒருவர் அங்கே வெள்ளை மான் வளர்த்ததால் அந்தப் பெயர். பாழடைந்து கிடந்த அந்த இடத்தை, 1179இல் அந்த வட்டாரத்துக்கு ஆட்சியாளராக வந்த ஜூ ஷி எடுத்துக் கட்டினார். 1180இல் பள்ளிக்கென்று ஒரு பலகை எழுதி மாட்டினார்.

விதிகள் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவோம். இத்தனை மணிக்கு எழு, இதைச் செய்தால் இன்ன தண்டனை என்ற எதுவும் அதில் கிடையாது. பழைய நூல்களிலிருந்து எடுத்த வாசகங்கள் மட்டும். தந்தை மகன், அரசன் அமைச்சன், கணவன் மனைவி, மூத்தவர் இளையவர், நண்பர்கள் என்ற ஐந்து உறவுகள். விரிவாகக் கல், கவனமாகக் கேள், ஆழ்ந்து சிந்தி, தெளிவாகப் பிரித்தறி, ஊக்கமாகச் செய் என்ற ஐந்து படிகள். கோபத்தை அடக்கு, ஆசைக்கு அணை போடு, நல்லதைக் கண்டால் அதன் பக்கம் போ, குற்றத்தைத் திருத்திக்கொள். உனக்கு வேண்டாததைப் பிறர்க்குச் செய்யாதே. காரியம் கைகூடாவிட்டால் காரணத்தை உன்னிடமே தேடு.

கீழே ஒரு பின்குறிப்பும் எழுதினார். இக்காலப் பள்ளிகளில் விதிமுறைகள் வைக்கிறார்கள், அது மாணவர்களை மட்டமாக நடத்துவது என்கிறார். இந்த வாசகங்களின் நியாயம் புரிந்து, தன்னைத்தானே அதற்கு உட்படுத்திக்கொள்பவனுக்கு வேறொருவர் விதி போட வேண்டிய தேவை ஏது என்று கேட்கிறார். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு அரசு அதிகாரி எழுதியது இது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அவரைக் கண்டிப்பான வாத்தியாராக மட்டுமே பார்ப்பவர்கள் இந்தப் பின்குறிப்பைப் படிப்பதில்லை.

1181இல் அங்கே நடந்தது அதைவிடச் சுவையானது. தன் கருத்துக்கு எதிரியான லூ ஜியூயுவானையே ஜூ ஷி அழைத்து மாணவர்களிடம் பேசச் சொன்னார். சான்றோன் நேர்மையை அறிவான், சிறியோன் ஆதாயத்தை அறிவான் என்ற கன்பூசியஸின் ஒரு வரியை எடுத்துக்கொண்டு லூ பேசினார். நீங்கள் நாள் முழுக்க ஞானிகளின் நூல்களைத்தான் படிக்கிறீர்கள், ஆனால் எதற்காகப் படிக்கிறீர்கள்? தேர்வில் வெல்ல, பதவி பிடிக்க, சம்பளம் உயர. அப்படியானால் படிப்பது ஒரு திசை, நீங்கள் போவது நேர் எதிர்த் திசை என்றார். கேட்டவர்களில் சிலர் அழுதுவிட்டார்கள். குளிர் விடாத பருவத்தில் ஜூ ஷிக்கு வியர்த்து, விசிறியை எடுத்து வீசிக்கொண்டாராம். அந்தப் பேச்சை எழுதி வாங்கிக் கல்லில் பொறிக்கச் செய்தார். எதிர்த்தரப்பின் சொற்பொழிவைத் தன் பள்ளியிலேயே கல்வெட்டாக்கியவர் வேறு யாராவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் இருவருக்கும் என்னதான் சண்டை?

அதற்கு 1175க்குப் போக வேண்டும். இருவருக்கும் நண்பரான லூ சுசியான் என்பவர் ‘அன்னப்பறவை ஏரி’ என்று பெயர்கொண்ட ஒரு கோயிலில் இருவரையும் சந்திக்க வைத்தார். சமரசம் செய்யும் எண்ணம். நடந்தது வேறு.

ஜூ ஷியின் கட்சி: முதலில் பரந்துபடப் படி, பிறகு சாரத்துக்குச் சுருக்கு. லூ ஜியூயுவானின் கட்சி: முதலில் உன் நெஞ்சை விழிக்கச் செய், படிப்பு பிறகு. எளிய வழி நிலைத்து வளரும், துண்டு துண்டாகச் செய்யும் வேலை மிதந்து மூழ்கிப்போகும் என்று லூ ஒரு பாட்டே எழுதிக்கொண்டு வந்திருந்தார். அந்தத் ‘துண்டு துண்டு’ யாரைக் குறிக்கிறது என்று ஜூ ஷிக்குத் தெரியாதா? முகம் மாறிவிட்டதாம். ஆதி அரசர்களான யாவும் ஷுனும் ஞானிகளானார்களே, அவர்களுக்கு முன்னால் படிக்க என்ன புத்தகம் இருந்தது என்று கேட்க லூ நினைத்திருந்தார். கூட வந்த அண்ணன் தடுத்துவிட்டார். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என்னைக் கேட்டால், வகுப்பறையில் ஜூ ஷிதான் சரி. நெஞ்சை விழிக்கச் செய் என்று நாற்பது பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தால் தெரியும். ஆனால் படிப்பு தன் நோக்கத்தை மறந்துபோகும்போது லூவின் குரல் இல்லாமல் முடியாது. ஜூ ஷியே அதை உணர்ந்துதான் அவரை அழைத்தார்.

வாங் யாங்மிங்கின் மூங்கில் கதை உண்மையா?

அவரே சொன்னது. இளம் வயதில் ஜூ ஷி சொன்னபடி ‘பொருளை ஆராய்வோம்’ என்று ஒரு நண்பரோடு மூங்கிலின் முன் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் நண்பர் நோயில் விழுந்தார். ஏழாம் நாள் வாங்கும் விழுந்தார். மூங்கிலின் லி மட்டும் பிடிபடவில்லை.

இதில் ஜூ ஷிக்கு அநியாயம் நடந்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். மூங்கிலை வெறித்துப் பார்க்கச் சொல்லி அவர் எங்கும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தோல்வி வாங்குக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு செல்வாக்குள்ள அரண்மனை அலியை எதிர்த்ததால் கசையடி வாங்கி, குய்ஜோ மலைநாட்டில் லோங்சாங் என்ற தொலைதூர அஞ்சல் நிலையத்துக்கு அவர் தள்ளப்பட்டார். 1508இல் அங்கே ஓர் இரவு அவருக்குத் தெளிவு பிறந்தது: தேடிய நெறி வெளிப்பொருளில் இல்லை, என் மனத்திலேயே முழுமையாக இருக்கிறது.

‘அறிவதும் செய்வதும் ஒன்று’ என்றால் என்ன?

பெற்றோரை மதிக்க வேண்டும் என்று தெரியும், ஆனால் செய்ய முடியவில்லை என்பவர்களை என்ன செய்வது என்று அவருடைய மாணவர் ஷு ஐ கேட்டார். தெரிந்தும் செய்யாதவர் என்று ஒருவர் கிடையாது, செய்யாதவருக்கு இன்னும் தெரியவில்லை என்பதுதான் பொருள் என்றார் வாங். வலியை அனுபவித்தவனுக்குத்தான் வலி தெரியும். நாற்றத்தை அறிவது ஒரு கணம், அருவருப்பது மறுகணம் என்று இரண்டாக நடப்பதில்லை.

ஒழுக்கப் பாடத்துக்கு மதிப்பெண் போடுகிறவர்களுக்கு இது தலைவலி. தேர்வுத்தாளில் ‘நேர்மை’ பற்றி ஐந்து பத்தி எழுதியவனுக்கு நேர்மை தெரியும் என்று வாங் கணக்கின்படி சொல்ல முடியாது.

குழந்தைகளைப் பற்றி வாங் என்ன எழுதினார்?

1518இல், தெற்கு ஜியாங்ஷியில் கொள்ளையர்களை அடக்கும் படைப்பொறுப்பில் இருந்தபோது, அங்கே ஊர்ப் பள்ளிகளை ஏற்படுத்தி ஆசிரியர்களுக்குச் சில பக்க அறிவுரை எழுதினார். மலையில் இருக்கும் கொள்ளையரை ஒழிப்பது எளிது, மனத்தில் இருக்கும் கொள்ளையரை ஒழிப்பது கடினம் என்ற அவருடைய புகழ்பெற்ற வாசகமும் அந்தக் காலத்துக் கடிதத்தில் வருவதுதான். இந்த மரபு முழுவதிலும் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்பவருக்கு நான் அந்த அறிவுரையைத்தான் காட்டுவேன்.

குழந்தைகளுக்கு விளையாட்டு பிடிக்கும், அடக்கிவைத்தால் பிடிக்காது என்று தொடங்குகிறார். முளைவிடும் செடியைத் தடையின்றி விட்டால் ஓங்கும், வளைத்துத் தடுத்தால் வாடும். இக்கால ஆசிரியர்களோ தினமும் வரி பிரித்துப் படிக்கவும் தேர்வுக்கட்டுரை எழுதவும் விரட்டுகிறார்கள், பிரம்பால் அடிக்கிறார்கள், கயிற்றால் கட்டுகிறார்கள், கைதிகளைப்போல நடத்துகிறார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி சிறையாகத் தெரிகிறது, உள்ளே நுழைய மாட்டேன் என்கிறார்கள். ஆசிரியர் எதிரியாகத் தெரிகிறார். கண்ணில் படாமல் ஒளிந்து விளையாடப் பொய் சொல்லக் கற்றுக்கொள்கிறார்கள். இப்படித் தீமைக்கு விரட்டிவிட்டு நல்லவனாகு என்றால் எப்படி?

அப்புறம் ஒரு நாள் எப்படி நடக்க வேண்டும் என்று எழுதுகிறார். காலையில் பிள்ளைகள் வணங்கியதும் ஆசிரியர் வரிசையாக ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும்: வீட்டில் பெற்றோரிடம் அன்பாக இருப்பதில் சோம்பல் காட்டினாயா? தெருவில் நடக்கும்போது மரியாதை தவறினாயா? பிள்ளை உண்மையைச் சொல்ல வேண்டும். தவறு இருந்தால் திருத்திக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இன்னும் முயல வேண்டும். பிறகு பாடம், சடங்குப் பயிற்சி, பாட்டு. பாட்டுக்கு நான்கு குழுக்களாகப் பிரித்து, தினம் ஒரு குழு பாட மற்றவர்கள் உட்கார்ந்து கவனமாகக் கேட்க வேண்டும். துள்ளலும் கூச்சலும் பாட்டில் வடிந்துவிடும், மனத்தில் அடைபட்டது வெளியே வரும் என்பது காரணம். சடங்குப் பயிற்சியில் குனிந்து நிமிர்வது உடலுக்கும் நல்லது என்கிறார்.

பாட அளவுக்கு அவர் தரும் கணக்கு என்னை வாயடைக்க வைத்தது. 200 எழுத்துகள் கற்கக்கூடிய பிள்ளைக்கு 100 எழுத்துகள் மட்டும் கற்பியுங்கள். மிச்சம் தெம்பு இருந்தால் பிள்ளை படிப்பை வெறுக்காது, தானே ருசி கண்டு மேலே போகும். வீட்டுப்பாடத்தை எடைபோட்டுப் பள்ளி தேடும் எந்தப் பெற்றோரும் இந்த ஆசிரியரிடம் பிள்ளையைச் சேர்க்க மாட்டார்கள்!

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காலையில் எல்லோர் முன்னாலும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்வது இன்றைய கண்ணுக்கு நெருடும். அது நம்பிக்கையான ஆசிரியரிடம் மட்டுமே வேலை செய்யும். இல்லாவிட்டால் அவரே எச்சரிக்கும் பொய்யைத்தான் அது வளர்க்கும்.

இதெல்லாம் படித்தவர்களுக்கு மட்டும்தானா?

கொள்கையளவில் இல்லை. வாங் யாங்மிங் ஞானிகளைத் தங்கத்துக்கு ஒப்பிட்டார்: எடை கூடுதலோ குறைவோ, சுத்தமாக இருந்தால் தங்கம்தான். அவருடைய மாணவர் வாங் கென் (1483–1541) உப்பளத்துக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் வழிவந்தவர்கள் குடியானவர்கள், மண்பாண்டம் செய்பவர்கள், விறகுவெட்டிகள் நடுவே போய்ப் பேசினார்கள்.

பள்ளிக்கு வெளியே இருந்த ஏற்பாடு ஊர் உடன்படிக்கை. 1076இல் ஷான்ஷி மாகாணத்து லான்தியானில் லூ சகோதரர்கள் (இவர்கள் வேறு லூ) தொடங்கியது. நல்லதில் ஒருவரையொருவர் ஊக்குவிப்பது, தவறைத் திருத்துவது, முறைப்படி பழகுவது, இடர் வந்தால் உதவுவது என்று நான்கு அம்சங்கள். ஊரார் கூடுவார்கள், நற்செயலும் தவறும் ஏட்டில் பதியப்படும். ஜூ ஷி அதைத் திருத்தி வெளியிட்டார், வாங் யாங்மிங் தன் ஆட்சிப்பகுதியில் ஒன்று எழுதினார். பிறகு அரசு அதைக் கையில் எடுத்துக்கொண்டதும் நிறம் மாறியது. காங்ஷி பேரரசர் 1670இல் 16 அறிவுரைகளை வெளியிட, ஊர்தோறும் அவை ஒப்பிக்கப்பட்டன. தாங்களே விரும்பிச் சேர்ந்த ஒரு கூட்டம் கடைசியில் அரசாணை வாசிக்கும் கூட்டமானது.

பெண்களுக்கு என்ன இடம்?

பட்டினியால் சாவது சிறிய விஷயம், கற்பை இழப்பது பெரிய விஷயம் என்ற செங் யியின் வாக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆதரவற்ற ஏழை விதவை மறுமணம் செய்யலாமா என்ற கேள்விக்கு அவர் தந்த பதில் அது. ஜூ ஷியும் லூ சுசியானும் 1175இல் தொகுத்த நூலில் அதைச் சேர்த்ததால் ஊரெங்கும் பரவியது. மிங், சிங் காலங்களில் மறுமணம் செய்யாத விதவைகளுக்கு அரசே வளைவு கட்டிக் கௌரவித்தது. எத்தனை பெண்களின் வாழ்க்கை அந்த வளைவுகளுக்கு அடியில் போயிற்று என்பதை யார் கணக்கெடுப்பது?

வேடிக்கை என்னவென்றால், செங் யியின் சொந்தத் தந்தையே விதவையான உறவுப் பெண்ணை வீட்டுக்கு அழைத்துவந்து மறுமணம் செய்துவைத்தவர், அதைச் செங் யி புகழ்ந்தும் எழுதியிருக்கிறார். இது முரணாக இல்லையா என்று மாணவர்கள் ஜூ ஷியைக் கேட்டபோது, பொது நெறி அதுதான், எல்லோராலும் அதைக் கடைப்பிடிக்க முடியாது என்று சமாளித்தார். பெண்களுக்கும் உரைக்கோவையில் எளிய பகுதிகளைக் கற்பிக்கலாமா என்ற கேள்விக்குச் சரி என்றார். அவ்வளவுதான். ஞானியாகும் பாதை எல்லோருக்கும் திறந்தது என்ற கொள்கையில் பெரிய ஓட்டை இது.

தேர்வு முறைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஜூ ஷியின் கடைசி ஆண்டுகளில் அவருடைய போதனையை ‘பொய்க்கல்வி’ என்று அரசு தடைசெய்தது. அந்தத் தடை விலகாத நிலையில்தான் 1200இல் இறந்தார். 1313இல் மங்கோலிய யுவான் அரசு, அதே ஜூ ஷியின் உரையோடு கூடிய நான்கு நூல்களைத் தேர்வுக்கு அடிப்படையாக்கியது. 1905இல் தேர்வு முறையே ஒழியும் வரை அந்த இடம் அசையவில்லை.

நேர்மையைப் பற்றிய நூல் பதவிக்கான நூலாகிவிட்டது. வெண்மான் பள்ளியில் லூ எதைச் சொல்லி அழவைத்தாரோ அது நாடு முழுக்க நடைமுறையானது. ஜூ ஷி தேர்வை வெறுக்கச் சொல்லவில்லை. தேர்வு மனிதனைக் கெடுப்பதில்லை, மனிதன்தான் தேர்வில் தன்னைத்தானே கெடுத்துக்கொள்கிறான், கன்பூசியஸே இன்று பிறந்தாலும் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும் என்றார். அவரே 19 வயதில் தேறியவர். ஆனால் அவர் நினைத்ததைவிட அந்தக் கெடுதல் ஆழமானது என்றுதான் எனக்குப் படுகிறது.

தியானம் உண்டா?

உண்டு, ‘அமைதியாக அமர்தல்’ என்ற பெயரில். பாதி நாள் அமர், பாதி நாள் படி என்று ஜூ ஷி ஒரு மாணவரிடம் சொன்னார். பாதி நாள் போதிதர்மராகவும் பாதி நாள் பழைய உரையாசிரியராகவும் இருந்தால் ஞானியாவது எப்போது என்று பிற்காலத்து விமர்சகர் யென் யுவான் (1635–1704) கிண்டலடித்தார். செயலில் கவனம் சிதறாமல் இருப்பதைத்தான் ஜூ ஷி உண்மையில் அதிகம் வலியுறுத்தினார்.

கொரியாவிலும் ஜப்பானிலும் என்ன ஆயிற்று?

கொரியா சீனாவைவிடத் தீவிரமாக எடுத்துக்கொண்டது. ஆயிரம் வோன் நோட்டில் இருப்பவர் யி ஹ்வாங், ஐயாயிரம் வோன் நோட்டில் இருப்பவர் யி இ, ஐம்பதாயிரம் வோன் நோட்டில் அந்த யி இயின் தாய் ஷின் சைம்தாங். யி ஹ்வாங் 1568இல் இளம் அரசர் சொன்ஜோவுக்கு, ஞானக் கல்வியைப் பத்து வரைபடங்களாக வரைந்து கொடுத்தார். எப்போதும் கண்ணில் படும்படி திரையில் வைத்துக்கொள்ளட்டும் என்று.

அவரைப் பற்றி எனக்குப் பிடித்தது வேறு. உணர்ச்சிகள் லியிலிருந்து வருகின்றனவா ச்சியிலிருந்து வருகின்றனவா என்பதில் தன்னைவிட 26 வயது இளையவரான கி தேசுங்குடன் 1559 முதல் ஆண்டுக்கணக்கில் கடிதத்தில் விவாதித்தார். இளையவரின் மறுப்பைக் கேட்டுத் தன் வாசகத்தையே திருத்தினார். மூத்தவர் இளையவர் வரிசையை மூச்சாகக் கொண்ட சமூகத்தில் இது நடந்தது.

அங்கும் தனியார் கல்விக்கூடங்கள் மலிந்து, வரி விலக்கும் கட்சிச் சண்டையுமாகக் கெட்டன. 1871இல் 47ஐ மட்டும் விட்டுவைத்து மற்றவற்றை அரசு மூடியது. மிஞ்சியவற்றில் ஒன்பது, 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன.

ஜப்பானில் 1670இல் ஒகயாமா ஆட்சியாளர் சாதாரணக் குடிமக்களின் பிள்ளைகளுக்காகவே ஷிசுதானியில் பள்ளி தொடங்கினார். 1790இல் ஷோகுன் அரசு தன் பள்ளியில் ஜூ ஷி மரபு மட்டுமே இருக்கலாம் என்று உத்தரவிட்டது. 1890இல் வந்த பேரரசரின் கல்விச் சாசனம் இதே குடும்ப அறங்களை அரசபக்தியோடு முடிச்சுப்போட்டது. போருக்குப் பின் 1948இல் நாடாளுமன்றம் அதைச் செல்லாததாக்கியது.

கடுமையான விமர்சனம் எது?

18ஆம் நூற்றாண்டில் சீன அறிஞர் தை ஜென் (1724–1777) சொன்னது. மேலிருப்பவர் லியின் பெயரால் கீழிருப்பவரைக் கண்டிக்கிறார், தவறாக இருந்தாலும் அது நியாயமாகிவிடுகிறது. கீழிருப்பவர் லியின் பெயரால் எதிர்த்தால், சரியாக இருந்தாலும் அது அடங்காமையாகிவிடுகிறது. சட்டத்தால் செத்தவனுக்காவது இரங்க ஆளுண்டு, லியால் செத்தவனுக்கு யார் இரங்குவார்? ஆசையை அடக்கு என்பதை ஏழையின் பசிக்கும் சேர்த்துச் சொன்னதுதான் குற்றம் என்பது அவர் வாதம். வெளியாள் யாரும் இதைவிடக் கூர்மையாகச் சொன்னதில்லை.

தமிழர்களுக்கு நேரடியாக இது எங்காவது வந்திருக்கிறதா?

சிங்கப்பூரில், பக்கத்து வகுப்பறை வரை. 1984இல் அங்கே மேல்வகுப்புகளில் சமயக் கல்வி கட்டாயமானபோது, பைபிள், பௌத்தம், இஸ்லாம், இந்து சமயம் ஆகியவற்றோடு ‘கன்பூசிய ஒழுக்கவியல்’ என்பதும் ஒரு தெரிவாக இருந்தது. பாடத்திட்டம் வகுக்க து வெய்மிங் போன்ற அறிஞர்கள் வெளிநாட்டிலிருந்து அழைக்கப்பட்டார்கள். மாணவர்கள் பெருவாரியாக அதைத் தெரிந்தெடுக்கவில்லை. மதப் பிளவுக் கவலையும் சேர, சில ஆண்டுகளில் கட்டாயம் கைவிடப்பட்டது.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

‘பெருங்கல்வி’யின் மூலப்பகுதி சுமார் 200 சீன எழுத்துகள்தான், மொழிபெயர்ப்பில் ஒரு பக்கம். அதோடு ஜூ ஷியின் முன்னுரை. அப்புறம் வாங் யாங்மிங்கின் உரையாடல் தொகுப்பில் நடுப்பகுதியின் கடைசிக்குப் போங்கள், ஆசிரியர்களுக்கான அந்த அறிவுரை அங்கேதான் இருக்கிறது. ஜூ ஷி உரையாடல்களில் படிக்கும் முறை பற்றிய அத்தியாயங்களை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். லி, ச்சி பற்றிய கனமான பகுதிகளைத் தொடக்கத்திலேயே தொட்டால் பாதியில் மூடிவைப்பீர்கள்.